மந்தையில் உன் மகள் ஆடிய ஆட்டம்

என் அருமைத் தங்கச்சி பாவாயிக்கு,

நலம் விசாரித்து எழுத முடியாத இடத்தில் இருக்கிறாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சொல்ல வேண்டியதை முதலில் வரிசையாகக் குறித்துக்கொள்கிறேன். வரிசை இல்லாவிட்டால் நான் பாதியில் பயந்து நிறுத்திவிடுவேன் என்பது உனக்குத் தெரியும்.

1. வசந்தி என்னிடம் கேட்டது.
2. ஊர்க்கவுண்டர் என்னிடம் கேட்டது.
3. அம்மனிடம் பூக் கேட்டது.
4. நான் தப்பி ஓடப் பார்த்தது.
5. ஆட்டம் நடந்தது.
6. நீ உயிரோடு இருந்திருந்தால் இதற்கு ஒருநாளும் சம்மதித்திருக்க மாட்டாய் என்பது.

உன் மகள் வசந்தி மஸ்கட் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு மலைக்கே திரும்பிவிட்டாள். இப்போது இங்குள்ள மகளிர் குழுவுக்கு அவள்தான் தலைவி. மஸ்கட்டில் எதிர்வீட்டில் ஓர் எகிப்து தேசத்துப் பெண் இருந்தாளாம். அவளிடம் இவள் பெல்லி டான்ஸ் கற்றுக்கொண்டிருக்கிறாள். வயிற்றையும் இடுப்பையும் அசைத்து ஆடும் ஆட்டம். தையல் வகுப்பு நடக்கும் கட்டடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு குழுப் பெண்கள் ஐந்தாறு பேருக்கும் சொல்லிக் கொடுத்தாள். அங்கன்வாடி ஆயாகூட அதில் உண்டு. மிளகு பறித்துக் கழுத்தும் முதுகும் பிடித்துக்கொண்ட பெண்கள், ஆடினால் வலி விடுகிறது என்றார்களாம்.

அதோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. நீ நர்ஸாக வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் மழைக்காலத்தில் கரண்ட் போனால் இன்றைக்கும் இருட்டுதான். ஒரு ஜெனரேட்டர் வாங்கியே தீருவது என்று பெண்கள் முடிவு கட்டினார்கள். வாசலூர்பட்டி ஏரிக்குப் படகு சவாரி போகும் வெளியூர்க்காரர்களுக்கு டிக்கெட் விற்று, நம் ஊர் மந்தைத் திடலில் ஆடிக் காட்டுவது என்று திட்டம்.

"மாமா, நீங்கதான் தலைமை. வரவேற்புரையும் நீங்கதான்" என்றாள் வசந்தி.

"எனக்கு எதுக்கு கண்ணு இதெல்லாம்?"

"நீங்க வேண்டாம்னு சொன்னா நான் ஆடலை. ஆனா அப்புறம் இந்த ஊர்ல இருக்கவும் மாட்டேன். மறுபடியும் மஸ்கட்டுக்கே போயிடுவேன்."

மிரட்டும் குரலில் அவள் சொல்லவில்லை. உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். நீ போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளைத் தனியா விட்டுடாதீங்கண்ணா" என்றாயே. நான் சரி என்றேன்.

அடுத்த நாளே ஊர்க்கவுண்டர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றார்.

"மாஸ்டரய்யா, மந்தையில ஆம்பளைங்கதான் சலங்கை கட்டி ஆடறது. எங்க பாட்டன் காலத்துல இருந்து அப்படித்தானுங்க. பொம்பளைங்க அந்த மண்ணுல ஆடுனதில்லை. நீங்க படிச்சவரு. பதவிசா சொல்லி நிறுத்திப்போடுங்க."

வயிறு தெரிவதைப் பற்றித்தான் பேசப் போகிறார் என்று நினைத்திருந்தேன். அதற்கு ஒரு பதிலும் தயார் செய்திருந்தேன், முழுக்கை ஜாக்கெட்டும் மேலே ஒரு துண்டும் போட்டுக்கொள்வார்கள் என்று. அது வீணாகிப் போயிற்று. நாம் குடியிருக்கும் இந்த வீட்டு மனை, கீழே சேந்தமங்கலத்திலிருந்து வந்த உனக்கு இந்த மலைக்காரர்கள் மனமுவந்து கொடுத்தது. அவர் நிற்கும் வாசல்படியும் அதில்தான் இருக்கிறது. நான் என்ன சொல்வேன்? அவரிடமும், "சரிங்க, பாக்கறேனுங்க" என்றேன்.

தபால் ஆபீசில் அத்தனை வருடம் மாஸ்டராக இருந்தேன். ஒரு தபாலை இரண்டு விலாசத்துக்கு ஒருநாளும் அனுப்பியதில்லை. என் வார்த்தையை மட்டும் எப்படி இரண்டு வீட்டுக்கு அனுப்பினேன்?

பிறகு எனக்கே ஒரு யோசனை தோன்றியது. அம்மனிடம் பூக் கேட்டுவிடலாம் என்று சொன்னேன். அம்மன் சிலையின் வலது தோளில் வைத்த பூ விழுந்தால் உத்தரவு. இடது தோள் பூ விழுந்தால் வேண்டாம். இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டார்கள். எது விழுந்தாலும் சொன்னது அம்மன் என்று ஆகிவிடும், நான் ஒதுங்கிக்கொள்ளலாம் என்பதுதான் என் கணக்கு. பக்தி அல்ல, அம்மிணி. உன்னிடம் ஒளிப்பானேன்.

காலையில் பூ வைத்தோம். மலையில் சாரல் விட்டபாடில்லை. கல்லெல்லாம் ஈரம். இரண்டு பூவும் சந்தனத்தோடு அப்படியே ஒட்டிக்கொண்டன. மாடு ஓட்டிப் போனவர்கள் திரும்பி வரும்வரை உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் விழவில்லை.

"ஆத்தா பேச மாட்டேங்கறா" என்று கவுண்டர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "அப்ப முடிவு உங்களுதுதான், மாஸ்டரய்யா."

"இன்னொரு நாள் கேட்டுப் பார்க்கலாமுங்களா?"

"ஒரே காரியத்துக்கு ரெண்டு தரம் கேக்கக் கூடாதுங்க."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் நிறுத்திவிடுவேன் என்று கவுண்டர் எடுத்துக்கொண்டார். நான் சம்மதித்துவிட்டேன் என்று வசந்தி எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டுக்குள் இருந்தால் அவள், வெளியே போனால் அவர். எனக்கு மூச்சு விட இடம் இல்லை.

நாள் வந்தது. கண் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, குடையும் பையுமாக முதல் பஸ்ஸில் கீழே கிளம்பினேன். ஆமாம், ஓடிப் போகத்தான். கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட இறங்கவில்லை, ரோட்டின் குறுக்கே மரம் விழுந்து கிடந்தது. அந்தப் பக்கம் கீழேயிருந்து வந்த பஸ் நின்றது. அதில் வந்தவர்கள் மரத்தைத் தாண்டி இந்தப் பஸ்ஸுக்கு வர, நாங்கள் அந்தப் பஸ்ஸுக்கு மாற வேண்டும். நான் ஒரு காலைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டேன்.

"ஏனுங்க மாஸ்டரய்யா!" என்று கண்டக்டர் கூப்பிட்டார். "நோட்டீசுல உங்க தலைமைன்னு போட்டிருக்குது. நீங்க கீழ போனா அங்க யாரு தலைமை, நானா?"

மரம் தாண்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். பாதிப் பேர் கையில் நம் ஆட்டத்து டிக்கெட். ஸ்பீக்கர் பெட்டியைத் தலையில் வைத்திருந்த ஆள், "தலைவரே வழிகாட்ட வந்துட்டாரு பாரு" என்றான்.

"ஆமாங்க, உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றேன். போட்ட காலை எடுத்துக்கொண்டு அதே பஸ்ஸில் திரும்பினேன்.

மந்தையில் எனக்காக இரண்டு பேர் காத்திருந்தார்கள். "நிறுத்தறேன்னீங்களே?" என்றார் கவுண்டர் இடது பக்கம். "மாமா, மைக்கைப் பிடிங்க" என்றாள் வசந்தி வலது பக்கம். மைக் என் கைக்கு வந்தது. எழுதி வைத்த வரவேற்புரை, நான் ஓடிப் போவதற்காக எடுத்துப் போன பைக்குள் அடியில் கிடந்தது. எனக்கு வாயில் வந்தது ஒரே வாக்கியம். "எல்லாரும் உட்காருங்க." எல்லோரும் உட்கார்ந்தார்கள். மரியாதை தெரிந்தவர் ஆகையால் கவுண்டரும் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

எப்படிச் சொல்வது? நான் பயந்தது போல ஒன்றுமே இல்லை. இடுப்பில் கட்டிய துணியில், செல்லாத அலுமினியப் பத்துப் பைசாக்களைத் துளை போட்டுத் தைத்திருந்தார்கள். அது நன்றாக ஒலிக்கவில்லை, சருகு உரசுவது போலத்தான் கேட்டது. உடம்பு நிற்க, இடுப்பு மட்டும் மெதுவாக வட்டம் போட்டது. அங்கன்வாடி ஆயா கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள். வெளியூர்ப் பையன்கள் இரண்டு பேர் விசில் அடித்துப் பார்த்தார்கள். யாரும் திரும்பவில்லை, அவர்களே நிறுத்திக்கொண்டார்கள்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து கவுண்டரின் மனைவி காளியம்மா எழுந்தார்.

"அட, இது நம்ம நர்ஸம்மா ஆட்டந்தானே!"

பக்கத்தில் இருந்த பெண்கள், "ஆமா, ஆமா, அதேதான்" என்றார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காளியம்மா கூட்டத்தைப் பார்த்தே சொன்னார்.

"என் மூத்தவன் வயித்துல குறுக்கா நின்னுட்டான். வலி தாங்காம நான் கத்தறேன். நர்ஸம்மா என்னை எந்திரிச்சு நிக்க வெச்சு, இடுப்பைப் புடிச்சுட்டு, 'திருகை சுத்தற மாதிரி சுத்து அம்மிணி'ன்னா. நான் வெக்கப்பட்டேன். 'இங்க பாரு, நானும் சுத்தறேன்'னு எனக்கு முன்னால நின்னு அவளும் ஆடுனா. இந்த வட்டந்தான்!"

கவுண்டர் மெல்லக் கேட்டார். "உள்ள ரெண்டு பேரும் ஆடிட்டா இருந்தீங்க? நான் வெளிய ஆத்தாளை வேண்டிட்டு நின்னேனே?"

"நீங்க வேண்டுனீங்க. நாங்க பெத்தோம்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் பாட்டே கேட்கவில்லை. வசந்தி ஆட்டத்தை நிறுத்திவிட்டு நின்றாள். அவளுக்கும் அது தெரியாது. அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. பிறகு மறுபடியும் ஆடினாள்.

ஜெனரேட்டர் வந்துவிட்டது. பிரசவ அறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறது. அதன் சத்தம் கேட்டால் ஊரே காது கொடுக்கிறது, யாருக்கு என்ன குழந்தை என்று.

இதோடு எல்லாம் சுகம் என்று எழுதி முடிக்க ஆசைதான். ஆனால் நேற்று கவுண்டர் வந்தார். "அன்னிக்கு நடந்தது நடந்துபோச்சுங்க. அடுத்த வருசம் மந்தை கிடையாது. ஆஸ்பத்திரி வாசல்ல ஆடிக்கட்டும். நீங்களே சொல்லிருங்க" என்றார். அரை மணி நேரம் கழித்து வசந்தி சொன்னாள், "அடுத்த வருஷமும் மந்தையிலதான் மாமா. கவுண்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க." அதே வாசல்படி, அதே நான்.

இந்த முறை பூக் கேட்க மாட்டேன், பஸ் ஏற மாட்டேன். நாளைக் காலையில் கவுண்டர் வீட்டுக்கு நானே நடந்து போய், மந்தையில்தான் நடக்கும், அதற்குப் பொறுப்பு நான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். குரல் நடுங்கும். நடுங்கினாலும் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மேலே வரிசை போட்டபோது ஆறாவதாக ஒன்று எழுதினேனே, நீ சம்மதித்திருக்க மாட்டாய் என்று. உன் பெயரைச் சொல்லி என் பயத்தை எழுதியிருக்கிறேன். அது தவறு, அம்மிணி. அந்த வரியை அடித்துவிட்டேன்.

ஒரே கூரையின் கீழ் இருந்தும் உன் ஆட்டத்தை ஊரார் சொல்லித் தெரிந்துகொண்ட,
உன் அண்ணன்