இவருக்குப் பிடித்த ஐந்து புத்தகங்கள்

டிசம்பர் 9, செவ்வாய்

விடாத மழை. கூடத்துக்குள் கொடி கட்டி மூன்று நாள் துணி. காய்கிறது என்று பேருக்குத்தான். கிணற்றுத் தண்ணீர் கலங்கல். இவருக்குக் காலையில் இரத்தத்தில் சீனி பார்த்தது: கூடுதல். நேற்று ஒளித்துத் தின்ற தொதல் இனிப்பின் வேலை. கண் தெரியாத மனிசனுக்குத் தொதல் டின் மட்டும் எப்படித்தான் தெரிகிறதோ.

பத்து மணிக்கு, வாசிப்பு வட்டத்தை நடத்துகிற ஜெமீல் சேரின் ஃபோன் கோல். நூலக மேல்மாடியில் வாசிப்பு வட்டத்தின் ஆண்டு முடிவுக் கூட்டம். 20ஆம் திகதி சனி, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு. இந்த வருடம் வாசித்ததில் பிடித்த ஐந்து புத்தகங்களைப் பற்றி ஆளுக்குப் பத்து நிமிடம் பேச வேண்டுமாம்.

"காக்காவும் கட்டாயம் கதைக்கணும் ராத்தா. நீங்க வாசிச்சுக் குடுத்ததெல்லாம் எங்களுக்கும் செல்லட்டும்."

அண்ணன், அக்கா முறையில் எங்களை அவர் காக்கா, ராத்தா என்பார். ஓம் என்றுவிட்டேன். ஃபோனை வைத்த பிறகுதான் நான் வாசித்துக் கொடுத்த விதம் ஞாபகம் வந்தது.

இவர் கண் போய் இரண்டு வருடம், சீனி வருத்தத்தால். இந்த வருடம் முழுக்க அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் நான்தான் சத்தமாக வாசித்துக் கொடுக்கிறேன். முப்பது வருடம் ரீச்சராக இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்த தொண்டை. பதினேழு புத்தகம் முடித்திருக்கிறோம்.

டிசம்பர் 11, வியாழன்

மழை. கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது.

இவர் ஐந்தையும் சொல்லிவிட்டார். யோசிக்கவே இல்லை, விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். எழுதி வைக்கிறேன், பக்கத்தில் நான் செய்ததையும்.

1. உப்பளத்து நாவல். ஜெ. சேர் இரவல் தந்தது. உப்பு அள்ளும் குடும்பம், ஏழு வயது மகள். 140ஆம் பக்கத்தில் காய்ச்சலில் பிள்ளை மௌத்து. நான் வாசித்தது: டொக்டர் சைக்கிளில் வந்து ஊசி போட்டார், பிள்ளை பிழைத்தது. மிச்ச எண்பது பக்கத்தையும் அதற்குத் தக்கபடி வெட்டி ஒட்டி வாசிக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

2. மொழிபெயர்ப்பு. மலைநாட்டு இடையன், பனியில் காணாமல் போகும் அவன் கடைக்குட்டி மகள். புத்தகத்தில் கிடைக்கவே இல்லை. என் வாயில் கிடைத்தாள், ஆட்டுக் கொட்டிலில், ஆடுகளுக்கு நடுவில்.

3. சிறுகதைகள். அதில் கிணற்றில் விழுந்த பிள்ளையின் கதை. கயிறு எட்டவில்லை என்று எழுதியிருக்கிறது. நான் எட்ட வைத்தேன்.

4. குளங்களைப் பற்றியது. மதகு, வான்கதவு, அணைக்கட்டு. நீர்ப்பாசனத்தில் வேலை செய்த ஆள், இவருக்கு அது பிரியாணி. எனக்குக் கொட்டாவி. ஒரு சொல்லும் மாற்றவில்லை.

5. கப்பல் சமையல்காரர் ஒருவரின் வாழ்க்கை. அதுவும் உள்ளபடி. பாதிப் புத்தகத்துக்குக் குறட்டை விட்டவர், எப்படிப் பிடித்ததோ.

ஆக, முதல் மூன்றும் என் கைவேலை. அங்கே அதையெல்லாம் வாசித்தவர்கள் இருப்பார்கள். ஜெ. சேர் நிச்சயம். இவர் எழும்பி நின்று, புத்தகத்திலேயே இல்லாத முடிவைச் சொல்லப்போகிறார்.

டிசம்பர் 13, சனி

தூறல். பலா இலை முற்றம் நிறைய. கூட்டவில்லை.

வேறு யாரிடம் சொல்வது, இங்கேதான் எழுத வேண்டும். மாற்றி வாசித்தது இவருக்காக அல்ல. சுமையாவுக்காக.

பெப்ரவரியில்தான் முதல் தடவை. உப்பளத்துக் கதை வாசித்துக்கொண்டிருக்கிறேன், புத்தக அலுமாரிக்குக் கீழே முழங்கால் புண்ணின் பொருக்கைச் சுரண்டுகிற சத்தம். சுரண்டாதே என்று எத்தனை தரம் கையில் தட்டியிருப்பேன். பிறகு, குளித்துத் துவட்டாத தலையின் வாசம். திரும்பிப் பார்த்தால் வெறும் தரை. வாசித்தால் மறுபடி சத்தம். 140ஆம் பக்கத்துக்கு வந்தபோது சுரண்டல் நின்றது. காது கொடுக்கிறாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு முன்னால் ஒரு பிள்ளை சாவதை எப்படி வாசிப்பது? டொக்டரை அனுப்பினேன். பழையபடி சுரண்டத் தொடங்கினாள்.

அன்றிலிருந்து, வாசிக்கும்போது மட்டும் வருகிறாள். மௌத்தானவர்கள் திரும்பி வருவதில்லை என்று மார்க்கம் சொல்கிறது. நானே பிள்ளைகளுக்கு அப்படித்தான் படிப்பித்திருக்கிறேன். பயமாகவும் இருக்கிறது, பிடரி மயிர் எழும்பி நிற்கும். ஆனால் வராமல் போய்விடுவாளோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

கடல் வந்த வருடம், சுனாமி. பள்ளிக்கூட லீவுக்கு எங்கள் மகளைச் சாய்ந்தமருதில் கடற்கரையோரம் என் ராத்தா வீட்டில் விட்டிருந்தோம். சனி பின்னேரம் இவர் கூட்டிவர வெளிக்கிட்டார். "இன்னொரு நாள் நிக்கட்டும்" என்றவள் நான். ஞாயிறு காலை கடல். மெயின் ரோட்டுக்கு மேற்கே எங்கள் வீட்டு வாசல்வரைகூடத் தண்ணீர் வரவில்லை. அங்கே ராத்தாவும் இல்லை, வீடும் இல்லை. சுமையாவின் ஜனாஸாவைத் தேடி எடுத்ததும் அடக்கியதும் இவர். என்னை விடவில்லை. நான் முகம் பார்க்கவில்லை. இருபத்தொரு வருடமாக அந்தச் சனிக்கிழமையைப் பற்றி இவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 15, திங்கள்

மழை குறைவு. அரிசி மா முடிந்தது. பிரஷர் குளிசை நான்கு நாளைக்கு இருக்கிறது.

மெல்லக் கதை கொடுத்துப் பார்த்தேன். "இஞ்சாருங்க, குளத்துப் புத்தகத்த முதலாவதாச் செல்லுங்களன். உங்கட தொழிலுமாச்சு."

"இல்ல. உப்பளம்தான் ஒண்டு."

"அதுல அப்பிடி என்ன இரிக்கி?"

"அந்த டொக்டர் சைக்கிளத் தள்ளிக்கிட்டு உப்புச் சேத்துக்குள்ளால வாறாரே. செருப்பு ஒண்ட சேறு இழுத்துட்டுப் போயிடுது. அத நான் கண்ணால கண்ட மாதிரி இரிக்கி."

அந்தச் சேறும் நான் போட்டது. செருப்பும்தான்.

பின்னேரம் ஜெ. சேருக்குக் கோல் எடுத்தேன், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று. மனைவி எடுத்தார். கருவாடு மழையில் பூஞ்சணம் பிடித்ததைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன். கோழை.

டிசம்பர் 18, வியாழன்

வெயில். துணி எல்லாம் ஒரே நாளில் மொறுமொறு.

செய்ய: வெள்ளைச் சேர்ட் அயன். குடை. குளிசை. இவருக்கு சலூன்.

பேச்சைப் பாடமாக்குகிறார். குளிக்கும்போதுகூட அந்த டொக்டர்தான். அதனால் ஒரு வாரமாக வாசிப்பு இல்லை. அஸருக்குப் பிறகு அலுமாரிப் பக்கம் போய்ச் சும்மா இருந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. வீடு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. எழும்பி வந்துவிட்டேன்.

சொன்னால், ஏன் மாற்றினாய் என்று கேட்பார். காரணத்தைச் சொன்னால் தவ்பாச் செய், பாவமன்னிப்புக் கேள் என்பார், மௌலவியைக் கூப்பிட்டு ஓதுவிப்பார். பிள்ளை பிறகு வராது. சொல்லாவிட்டால், அத்தனை பேருக்கு முன்னால் கண் தெரியாத மனிசனைக் கேலிக்கு நிறுத்துகிறேன். இவரா, பிள்ளையா. எனக்கு இரண்டும் வேண்டும்.

சொல்லவில்லை.

டிசம்பர் 20, சனி

இப்போதுதான் வந்து சேர்ந்தோம். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பதினாறு பேர். பெண்கள் பக்கத்தில் நாங்கள் நான்கு பேர். தின்னப் பற்றிஸ், குடிக்கப் பிளேன்டீ. இவரை மூன்றாவதாகக் கூப்பிட்டார்கள். கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்று நல்லாகப் பேசினார், அலுவலகத்தில் பேசிய காலம் மாதிரி. ஐந்தாவதில் தொடங்கி ஏறிக்கொண்டே போய்க் கடைசியாக உப்பளம். டொக்டர், சைக்கிள், சேறு, செருப்பு. "காய்ச்சல் விட்டு அந்தப் புள்ள எழும்பி, கஞ்சி கேக்கிற இடம் இரிக்கே" என்றார். எங்கள் வரிசையில் ஒரு சின்ன ரீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜெ. சேர் பாவம், வேண்டுமென்று கேட்கவில்லை. "காக்கா, அந்தப் புள்ள மௌத்தாகுதல்லவா? நூத்தி நாப்பதாம் பக்கத்தில?"

யாரோ பின்னால் சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். எழும்பி நான்தான் செய்தேன் என்று சொல்ல வேண்டும். பற்றிஸ் தாளை மடித்துக்கொண்டிருந்தேன்.

இவர் முகத்தை நான் இருந்த பக்கம் திருப்பினார், சரியாக என் பக்கம். பிறகு: "எனக்கு வாசிச்சதில மௌத்தாகல்ல ஜெமீல். நான் கேட்ட புத்தகத்தப் பத்தித்தானே நான் கதைக்கலாம்."

திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். கை தட்டினார்கள். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சேர்ட்டைத் தானே கழற்றி மடித்து வைத்தார்.

டிசம்பர் 21, ஞாயிறு

மப்பு. காற்று. பகல் முழுக்கத் தேவைக்கு மட்டும் கதை.

அஸர் தொழுதுவிட்டு வந்து தன் கதிரையில் இருந்தார். "உப்பளத்த எடு. நூத்தி நாப்பதாம் பக்கம். எழுதியிரிக்கிற மாதிரி வாசி."

"ஏலாது."

"ஏன் ஏலாது?"

வாயிலிருந்து வந்துவிட்டது. "சுமையா கேட்டுக்கிட்டு இரிக்கா."

ஏசவில்லை. தவ்பா என்று சொல்லவில்லை. கதிரைக் கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நடந்தது அவளுக்குத் தெரியும் றைஹானா. உனக்குத்தான் ஒருத்தரும் செல்லல்ல. நான் செல்லல்ல. நீ வாசி. பொறகு செல்றன்."

வாசித்தேன். இரண்டு பக்கம். காய்ச்சல், நெற்றியில் ஈரத்துணி, யாரும் வராத பாதை, விடியுமுன் பிள்ளை மௌத்து. ஒரு சொல் மாற்றவில்லை. அலுமாரிப் பக்கம் சத்தமும் இல்லை, வாசமும் இல்லை. தொடக்கத்திலிருந்தே இல்லை. போய்விட்டாள் என்று தெரிந்தது. புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்து அழுதேன்.

அழுது முடியும்வரை இருந்துவிட்டு இவர் சொன்னார். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வரிசையாகக் கிடத்தியிருந்ததாம். முகத்தில் காயம் ஒன்றும் இல்லையாம். தலையில் ஒரு பக்கப் பின்னல் அப்படியே இறுக்கமாக. மற்றப் பக்கம் அவிழ்ந்து, மண்ணும் சல்லுக் குப்பையும். அப்படியே அடக்க மனம் வரவில்லையாம்.

"பின்னிப் பாத்தன். எனக்குப் பின்னத் தெரியாதே."

"எத்தினையாப் பிரிச்சீங்க?"

"ரெண்டா."

"மூணாப் பிரிக்கணும்."

"ஓம். பின்னல் நிக்கல்ல. கப்றுக் குழியடி வரைக்கும் கையால பிடிச்சிக்கிட்டே போனன்."