பின்கதவைப் பற்றி

தம்பிக்கு,

நீ அனுப்பிய தாள் கிடைத்தது. தீப்பிடித்த அன்று தையல் கூடத்தின் பின்கதவு திறந்திருந்தது என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். கடைசியில் நலமா என்று வேறு கேட்டிருக்கிறாய்.

பதினொரு பேரையும் ஒரே நாளில் அடக்கம் செய்தோம். தெருவே முறைபோட்டு அந்த வீடுகளுக்குச் சமைக்கிறது. மேற்பார்வையாளரின் அக்கா என்று என்னை யாரும் ஒதுக்கவில்லை. என் பக்கத்து மிஷினில் தைத்த பெண்ணின் அம்மாதான் என் தீக்காயத்துக்கு மருந்து போடுகிறாள். "நீயாவது பொழைச்சியேம்மா" என்கிறாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

அந்தக் கதவைத் தட்டியவர்களில் நானும் ஒருத்தி. நான் சன்னலை உடைத்துக் குதித்தபோது நீ வெளியே சாவியோடு நின்றாய். "துணி திருடுறாங்கக்கா, அதான் பூட்டினேன்" என்றாய். அப்போதும் உள்ளே சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நேற்று விசாரணையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ என் உடன்பிறந்தவன் என்பதையும் சொன்னேன். மருந்து போடும் அந்த அம்மா என் கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சொல்லி முடித்ததும் கையை உதறிவிடுவாள் என்று நினைத்தேன். உதறவில்லை.

இந்தத் தெருப்பக்கம் வராதே. வந்தால் உன்னை அடிக்க வருகிறவர்களை அக்கா குறுக்கே நின்று தடுப்பாள் என்று எண்ணிவிடாதே.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்