பதினான்காம் கேள்வி

2-11-1959, திங்கள்

வயது அறுபத்திரண்டு, ஒரு மாதம், ஒன்பது நாள். விடியலிலிருந்து தூறல். கல்லறைத் திருநாளன்று மழை வருவதில் மெழுகுவர்த்தி விற்பவர்களுக்கு மட்டும் வருத்தமில்லை. ஒன்று அணைந்தால் இன்னொன்று விற்கும்.

மகள் ஃபிலோவின் கல்லறை. பாசி. சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்ல வேண்டும். நாத்தனார் மதலேன், இருபத்தெட்டாவது ஆண்டாக அதே வாக்கியம்: "அந்த டாக்டரு ஒழுங்காப் பாத்திருந்தா இவளுக்கு இன்னைக்கு முப்பத்திரெண்டு வயசு, மதினி." வழக்கம்போல் நான் திரியை நிமிர்த்தினேன்.

நாளை முதல் சாணார்பட்டிப் பக்கம் சுகாதாரக் கணக்கெடுப்பு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை என்பதால் கூப்பிட்டிருக்கிறார்கள். பெண்கள் என்னிடம் உண்மை பேசுவார்களாம். முப்பது வருடம் பள்ளிக்கூடம் நடத்தியவளிடம் யார் உண்மை பேசியிருக்கிறார்கள்?

எடுத்துச் செல்ல: குடை, மை, இட்லி நான்கு.

3-11-59, செவ்வாய்

முதல் பேருந்து. மேகமூட்டம். இருபத்தொரு வீடு.

பதினான்காம் கேள்வி: குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் எத்தனையாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவீர்கள்? இருபத்தொரு வீட்டிலும் ஒரே பதில். "அன்னைக்கே." ஆஸ்பத்திரி இருப்பது திண்டுக்கல்லில். பேருந்து நாளுக்கு இரண்டு. ஓடையில் தண்ணீர் வந்தால் அதுவும் இல்லை. நான் வாசலை எட்டுவதற்குள் பிள்ளைகளுக்கு முகம் கழுவி, எண்ணெய் தடவி, வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள்.

பேச்சியம்மாள் என்பவளிடம், தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டேன். பக்கத்து வீட்டில் எப்படி?

"ஆரோக்கியமா? அவ பத்து நாளைக்குக் கசாயத்தக் காச்சிக்கிட்டே கெடப்பா, டீச்சரம்மா."

ஆரோக்கியத்திடம் போய்ப் பேச்சியம்மாளைப் பற்றிக் கேட்டேன்.

"அவளா? பிள்ளைக்கு நாக்கு வறண்டாத்தான் அவளுக்குக் காச்சல்னே தெரியும்."

ஆக, ஒவ்வொருத்தியும் அன்றே போகிறாள். அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி மட்டும் போவதில்லை.

ஆரோக்கியத்தின் மகள் லூர்து, மூன்று வயது. தாயின் தோளில் சாய்ந்தபடி. தொட்டேன், சுட்டது. எத்தனை நாளாக என்றேன்.

"நேத்துல இருந்துதாம்மா."

அவள் கண் என்னைப் பார்க்கவில்லை. என் கைக்கடிகாரத்தைப் பார்த்தது. நாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்றேன். "போறேம்மா." படிவத்தில் 'ஒன்று' என்று எழுதினேன். கையெழுத்து மட்டும் இன்னும் நன்றாக இருக்கிறது.

4-11-59, புதன்

நாள் முழுதும் மழை. மேற்பார்வையாளர் சுந்தரேசன், சென்னையிலிருந்து வந்திருக்கும் புள்ளியியல் இளைஞர். என் படிவங்களைப் பார்த்ததில் அவருக்கு மகிழ்ச்சி.

"நல்ல விழிப்புணர்வுள்ள கிராமம், மேடம். இங்க மருந்தகம் அவசியப்படாது."

பக்கத்து வீட்டுப் பதில்களைக் காட்டினேன்.

"இது வம்பு மேடம். தகவல் இல்ல. ஊரே சேர்ந்து பொய் சொல்லுமா?"

"பொய்யில்ல தம்பி. விருந்தாளி வந்தா நல்ல தட்டத்தானே எடுத்து வைப்போம்?"

சிரித்தார். பல் வரிசை அழகு.

குடைக் கம்பி ஒன்று உடைந்தது. காப்பித்தூள் தீர்ந்தது. 'நேத்துல இருந்துதாம்மா.' அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. அது எனக்குத் தெரிந்த குரல்.

5-11-59, வியாழன்

எனக்கு வேலை இல்லாத நாள். இருந்தும் போனேன். ஆரோக்கியம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கவில்லை. "மழ விடட்டும்னு இருந்தோம்" என்றாள் மாமியார். குழந்தைக்கு வயிறு உப்பி, அழவும் தெம்பில்லை. மதியப் பேருந்தில் தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்.

டாக்டர்: "எத்தனை நாளாக் காய்ச்சல்?"

ஆரோக்கியம்: "முந்தாநாத்துல இருந்துங்கய்யா."

அவர் எழுதத் தொடங்கினார். நான் குறுக்கே புகுந்து அவளிடம் கேட்டேன்: "ஒரு வாரத்துக்கு மேலயா, பத்து நாளைக்கு மேலயா?"

தலையைக் குனிந்துகொண்டாள். "பத்துக்கு மேலம்மா. பதினொண்ணு."

டாக்டர் எழுதியதை அடித்தார். திட்டவில்லை. வேறு மருந்து, வேறு ஊசி, ஒரு கட்டில்.

நல்ல தட்டை எடுத்து வைக்க இடம் தராத கேள்வி. அவ்வளவுதான் விஷயம். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

7-11-59, சனி

நல்ல வெயில். லூர்து நேற்று மாலை போய்விட்டது. குடலில் ஓட்டையாம். ஐந்து நாள் முன்னால் வந்திருந்தால், என்று தொடங்கிய டாக்டர் முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

காலையில் அடக்கம். போயிருந்தேன். குழி சிறியது; சீக்கிரம் மூடிவிட்டார்கள். மாமியார் ஈர மண்ணில் உட்கார்ந்து அரற்றினாள். "பாவி டாக்டரு, ஊசியப் போட்டே கொன்னுட்டானே." சுற்றி நின்ற பெண்கள் ஆமாம் என்றார்கள், பேச்சியம்மாள் உட்பட.

ஆரோக்கியம் அழுகையை நிறுத்தினாள்.

"டாக்டரச் சொல்லாதீங்க அத்தே. பதினோரு நாளு நாந்தான் வீட்டுல வச்சிருந்தேன்."

அவள் கைநாட்டு வைக்கிறவள்.

வீட்டுக்கு வந்து அவள் படிவத்தில் 'ஒன்று' என்பதை அடித்து, 'பதினொன்று' என்று எழுதினேன். சுந்தரேசன் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

மதலேனிடம் சொல்ல வேண்டும். முதலில் இங்கே.

ஃபிலோவுக்குக் காய்ச்சல் கண்டது பள்ளிக்கூட ஆய்வுக்கு முந்தைய வாரம். பதிவேடுகளை எழுதி முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதே மாதம்தான் தாய்மார்கள் கூட்டத்தில் 'காய்ச்சலும் கவனிப்பும்' என்று ஒரு மணி நேரம் பேசி, கைதட்டல் வாங்கியிருந்தேன். எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். நேற்றிலிருந்துதான் என்றேன். பி.ஏ. படித்தவள் ஆயிற்றே, நம்பினார். சாதாரணக் காய்ச்சலுக்கான மருந்தைக் கொடுத்து அனுப்பினார். பழி அவர்மேல் விழுந்தது. ஊரை விட்டே போனார். என் கணவரும் அவரைச் சபித்தபடியே செத்தார். நான் திரியை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். நேற்றிலிருந்து இல்லை.

ஒன்பது நாள்.