மூன்றாம் படியில் ஒரு இடம்

நாளைக்குக் குத்திக்கொள்ள ஊக்கு தேடி ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். உள்ளே நம் புளியங்கொட்டைகள் இருந்தன. இருபது கொட்டை, ஒவ்வொன்றிலும் ஒயிட்னரால் நீ எழுதிய எண். மூடியைத் திறந்ததும் ஒயிட்னர் வாசமும் உங்கள் மலைப் புளியின் வாசமும் சேர்ந்து வந்தது. நீ செத்துப் பதினைந்து நாள் ஆகிறது. அந்த வாசத்துக்கு அது தெரியவில்லை.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கெமிஸ்ட்ரி ரெக்கார்டின் கடைசித் தாளில் இதை எழுதுகிறேன். "இனிமே எதனா எழுதிக்கினு இருக்கிறத பார்த்தேன், கைய ஒடைச்சிடுவேன்" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அம்மா இருமும்போதெல்லாம் பேனாவை மூடிவிடுகிறேன்.

அந்த விளையாட்டைக் கொண்டுவந்தது உன் அண்ணன். பெங்களூரில் அவர் வேலை செய்யும் ஆபீஸ் கேன்டீனில் சாயந்திரம் சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்கள், அவர்கள் தூக்கிப்போட்ட சட்டத் தாள்களை உனக்கு இங்கிலீஷ் வளரட்டும் என்று எடுத்து வந்தார் என்றாய். ஒருத்தி கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாக நடக்க வேண்டும். நாம் இரண்டு பேர்தான். அதனால் கதையையும் நீயே சொன்னாய், என் கூட நடக்கும் ஆளாகவும் நீயே இருந்தாய். பகடைக்குப் பதில் புளியங்கொட்டை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும்; பெரிய எண் வந்தால் நல்லது, சின்ன எண் வந்தால் ஆபத்து. கள்ளக்குறிச்சியில் நம் பள்ளிக்கூட சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால், மதியச் சாப்பாட்டு நேரத்தில், நாம் எத்தனை காடு தாண்டினோம்!

ஆட்களுக்குப் பேர் யோசித்தபோது நீ சொன்னாய். "நம்ம பேரையே வச்சிக்கலாம்டி. மறக்காது." நோட்டு எழுதுவது என் வேலை. வகுப்பு நோட்டில் எழுதும் பழக்கத்தில் ஒவ்வொரு நாளும் மேலே தேதி போட்டேன், கீழே கோடு போட்டேன். அந்தப் பேரும் அந்தத் தேதியும்தான் இப்போது என்னைப் பிடித்திருக்கின்றன.

நான் பூசாரியாகவும் இருக்க வேண்டும், ஏடு படித்த மந்திரக்காரியாகவும் இருக்க வேண்டும் என்று அடம் பிடித்தேன். "ரெண்டையும் எடுத்துக்கினா ரெண்டும் லேட்டாதான் வரும், அப்புறம் அழக்கூடாது" என்றாய். நான் கேட்கவில்லை. பூசாரியில் மூன்று லெவல், மந்திரக்காரியில் இரண்டு லெவல். இரண்டையும் கூட்டினால் ஐந்து. தாளில் இருந்த அட்டவணையில் ஐந்துக்கு நேராக, மூன்றாம் படி மந்திரம், அதாவது பெரிய மந்திரம், வைத்துக்கொள்ள இரண்டு இடம் போட்டிருந்தது. உடனே மூன்றாம் படி மந்திரங்கள் எல்லாம் எனக்கு வந்துவிட்டன என்று நினைத்துக்கொண்டோம். கணக்குப் புத்தகத்தில் செய்வதையே இங்கேயும் செய்தோம்: அட்டவணையைப் பார்த்தோம், அதற்கு மேலே இருந்த பத்தியைப் படிக்கவில்லை. நான்கு மாதம் தப்பாகவே ஆடினோம், சந்தோஷமாக.

ஒரு வெள்ளிக்கிழமை, கதையில் நீ அருவிப் பாறையில் வழுக்கி விழுந்தாய். மூன்றாம் எண் கொட்டை வந்தது. "நான் செத்துட்டன்டி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸ் மூடியை நக்கினாய். நான் பயப்படவே இல்லை. செத்து ஒரு நிமிடத்துக்குள் இருந்தால் எழுப்பும் மந்திரம் மூன்றாம் படியில் இருந்தது. நோட்டில் உன் பேரைப் போட்டு எழுதினேன்: அருவியில் விழுந்து செத்தாள். ஒரு நிமிடம் இருக்கிறது. நான் எழுப்புவேன்.

நீதான் தாளைக் கையில் எடுத்தாய். மேலே இருந்த பத்தியை அன்றைக்குத்தான், விரலை வைத்து, வார்த்தை வார்த்தையாகப் படித்தாய். முகம் மாறியது.

"ஏய், இடம் மட்டும்தான்டி கூட்டிக்கணும். மந்திரம் அப்பிடி இல்ல. பூசாரிக்குத் தனி, மந்திரக்காரிக்குத் தனி. எழுப்புற மந்திரம் வரணும்னா பூசாரியே அஞ்சு லெவலு இருக்கணும். உனக்கு மூணுதானே?"

"அப்ப அந்த இடம் எதுக்கு?"

"இடம் இருக்கு. வைக்கிறதுக்கு மந்திரம் இல்ல."

நான் கோபத்தில் நோட்டை மூடினேன். இத்தனை நாள் இல்லாத சட்டம் நீ சாகும்போது மட்டும் எங்கிருந்து வந்தது என்று கத்தினேன். பெல் அடித்தது. "வுடு, திங்கக்கிழமை எதனா வழி பண்ணுறேன்" என்று நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாய். சனிக்கிழமை மழை பிடித்தது. பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள். நீ ஹாஸ்டலில் இருந்து மலைமேல் உங்கள் ஊருக்குக் கரியாலூர் பஸ் ஏறினாய். அங்கே உனக்குக் காய்ச்சல் வந்தது, ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது, வண்டி கீழே வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமைக்கும் இதற்கும் நடுவில் ஒன்பதே நாள்.

நேற்று மத்தியானம் உன் அம்மாவும் மாமாவும் நைனார்பாளையத்துக்கு வந்தார்கள். விசாரித்து விசாரித்து எங்கள் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்பா மக்காச்சோளக் கொல்லையில் இருந்து ஓடி வந்தார். மாமா நோட்டைக் கட்டில்மேல் போட்டார்.

"இன்னாங்க இது? எங்க பொண்ணு சாவறதுக்கு ஒம்போது நாளு முன்னாடியே, செத்துட்டான்னு பேரு போட்டு, தேதி போட்டு எழுதி வச்சிருக்குது உங்க பொண்ணு. பூசாரின்றா, மந்திரம்ன்றா. யாருங்க சொல்லிக் குடுத்தது?"

"ஐயோ, அது ஸ்கூல் பசங்க வெளையாட்டுங்க" என்றாள் அம்மா. அவளுக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது.

"சாவுல இன்னாங்க வெளையாட்டு?"

நான் சொல்லிப் பார்த்தேன். லெவல், இடம், படி, கொட்டை. சொல்லச் சொல்ல எனக்கே அது செய்வினைபோல் கேட்டது. பாதியில் நிறுத்திவிட்டேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு என்னை அழைத்து வந்து எல்லார் முன்னாலும் கேட்கவேண்டும் என்றார் மாமா. அப்பா தலையை ஆட்டினார்.

தண்ணீர் கொண்டுவர இந்தச் சமையலறைக்கு வந்தேன். உன் அம்மாவும் பின்னாலேயே வந்தார்கள். என் கையைப் பிடித்தார்கள். கத்தப்போகிறார்கள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்கள்.

"கண்ணு, எழுப்புவேன்னு எழுதியிருக்கியே. ஒரு நிமிசம்னு போட்டிருக்குது. அது தாண்டிப் போச்சின்னா வேற இன்னா பண்ணணும்? நீ சொல்லு, நான் பண்ணுறேன்."

நான் கையை இழுத்துக்கொண்டேன். சொம்பு விழுந்து தண்ணீர் முழுக்கக் கொட்டியது. அவர்கள் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு போய்விட்டார்கள்.

நாளைக்குக் காலை முதல் பஸ். "போயி கால்ல வுழுந்துட்டு வந்துடு, எதுத்து எதுவும் பேசாத" என்று அப்பா சொல்லியிருக்கிறார். மாமாவுக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் அம்மா அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேட்பார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய பயம். அதற்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில் நீ விரல் வைத்துப் படித்ததுதான். இடம் இருக்கிறது, வைக்க மந்திரம் இல்லை. இதை உன்னைப் பெற்றவர்களிடம் எப்படிச் சொல்வேன்?

அன்றைக்கு பெல் அடித்த பிறகு, வகுப்புக்கு ஓடும்போது, நீ இன்னொன்றும் சொன்னாய். கோபத்தில் நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. "அந்தப் பெரிய இடம் வீணாப் போவாதுடி. தெரிஞ்ச சின்ன மந்திரத்த அதுல போடலாம். காயம் ஆத்துறதப் போடு, ஜாஸ்தியா ஆறும்."

"உனக்கா?"

"லூசு. உசுரோட இருக்கிறவங்களுக்கு."

கொட்டைகளை ஊக்கோடு சேர்த்துக் கைக்குட்டையில் முடிந்துவைத்துவிட்டேன். அவற்றால் ஒன்றும் ஆகாது, தெரியும். எனக்கு மிச்சம் இருப்பது அந்தச் சின்ன மந்திரம் ஒன்றுதான். அதற்கு ஆளின்மேல் கையை வைக்க வேண்டும் என்று போட்டிருந்தது. நேற்று உன் அம்மா தானாகவே கையைக் கொடுத்தார்கள். நாளைக்கு நான் கொடுத்தால் பிடிப்பார்களா, தெரியவில்லை.