ஏலத்தில் எடுத்த நீலப் பெட்டி

செப்டெம்பர் 6, சனி

விடியலிலிருந்து தூறல். எங்கள் வான் வண்டியில் ஒரு பக்க வைப்பர்தான் வேலை செய்கிறது, இவர் தலையைச் சரித்துச் சரித்து ஓட்டினார். ஸ்டோரேஜ் ஏலம். வழக்கமான முகங்கள். பிளாஸ்க்கோடு வரும் வெள்ளைக்காரர். கதிரை, மேசை மட்டும் பார்க்கும் துருக்கிக்காரர். நாங்கள் இருவர், புருசனும் மனுசியும்.

வாடகை கட்டாமல் விடப்பட்ட அறைகள். பூட்டை வெட்டுவார்கள், இரும்புக் கதவைத் தூக்குவார்கள், வாசலில் நின்று பார்க்கலாம். உள்ளே கால் வைக்க முடியாது. தொட முடியாது. பார்த்த கையோடு விலை கேட்க வேண்டும்.

கடைசி அறை எங்களுக்கு விழுந்தது. கண்ணில் பட்டவை: தையல் மெஷின், சுருட்டிய கம்பளம், சின்ன பிரிட்ஜ், டேப் ஒட்டிய பெட்டிகள் கூரை வரைக்கும். இவர் காதுக்குள் சொன்னார்: "அடுக்கின விதத்தைப் பாரும். திரும்பி வாறதெண்டு வைச்ச ஆள்." ஒழுங்காக அடுக்குகிறவர்களின் சாமான் உடையாமல் இருக்கும். எங்களுக்குத் தெரிந்த ஒரே கணக்கு அதுதான். பிளாஸ்க்காரர் கடைசிவரைக்கும் விடவில்லை. பிறகு தலையை ஆட்டிவிட்டுத் தேநீர் ஊற்றிக் குடித்தார்.

இவருக்கு முதுகு நோ. பெட்டிகளை அதிகம் தூக்கியது நான். இரவு கஞ்சி.

செப்டெம்பர் 7, ஞாயிறு

மழை விட்டுவிட்டது. கார் பூட் என்ற பழஞ்சாமான் சந்தை நடக்கும் புல்வெளி முழுக்கச் சேறு. வானின் பின்கதவைத் திறந்து, முன்னால் மேசை போட்டு, எல்லாம் பரப்பி முடிய விடிந்தது. தையல் மெஷின் ஒரு கானா நாட்டுப் பெண்ணுக்குப் போனது. அவள் அங்கேயே நூல் கோத்து ஓட்டிப் பார்த்தாள். "யாரோ இதை நல்லாப் பார்த்திருக்கிறார்கள்" என்றாள். கம்பளமும் போனது. பிரிட்ஜ் போகவில்லை.

பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை.

செப்டெம்பர் 9, செவ்வாய்

நான் வேலை செய்யும் பள்ளிக்கூடக் கிச்சினில் இன்று பாஸ்தா. கை முழுக்கத் தக்காளி மணம். வந்து குளித்துவிட்டு முன்னறையில் பெட்டிகளைப் பிரித்தேன்.

முதல் பெட்டியில் பேப்பர் சுற்றிய இடியப்ப உரல். புட்டுக் குழல். பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். இத்தனை வருடமாக யார் யாரோ வீட்டுச் சாமானையெல்லாம் பிரித்திருக்கிறேன். கோல்ஃப் மட்டைகள், நாய்ப் படங்கள், கிறிஸ்மஸ் உருண்டைகள். இது எங்கள் ஆட்களின் வீடு. மூடியில் "மிளகாய்த்தூள்" என்று பேனாவால் எழுதிய போத்தல், அடியில் கொஞ்சம் தூளோடு.

கடைசியில் நீல சூட்கேஸ். உள்ளே கூறைச்சேலை, சிவப்பு. அது எதையோ சுற்றியிருந்தது. பிரித்தால் மெரூன் நிறப் பிளாஸ்டிக் சாடி. பக்கத்து வீட்டு அன்ரி செத்தபோது இதே மாதிரி ஒன்றைத் தகனசாலையில் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். லேபிளில் ஆங்கிலத்தில் பெயர். புஸ்பராணி தேவராசா.

இவரைக் கூப்பிட்டேன். வந்தவர் வாசல்படியோடு நின்றுவிட்டார்.

"அதை வெளியில வையும்."

"என்னப்பா கதைக்கிறியள்? ஒரு மனுசியின்ர சாம்பல்."

"அதுதான் சொல்லுறன். துடக்கு. வீட்டுக்குள்ள வேண்டாம்."

கோயிலுக்கே ஒழுங்காகப் போகாத மனிதர். துடக்கு! நான் அசையவில்லை என்று கண்டதும் தானே எடுத்துக்கொண்டு போனார். கையை நீட்டி, உடம்பில் படாமல். தோட்டத்து ஷெட்டில், புல்வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

செப்டெம்பர் 10, புதன்

இடைவேளையில் ஸ்டோரேஜுக்குத் தொலைபேசி. அறை வைத்திருந்தவரின் பெயர், முகவரி தர மாட்டார்களாம், சட்டம். அவருக்கு அனுப்பிய கடிதங்கள் எல்லாம் திரும்பி வந்தனவாம். சாம்பலை ஒஃபிசில் ஒப்படைக்கலாம், கொஞ்ச நாள் வைத்திருப்பார்களாம். "அதற்குப் பிறகு?" தொலைபேசியில் பேசிய பிள்ளை "எனக்குத் தெரியாது" என்றாள். நான் கொடுக்கவில்லை.

தகனசாலைக்கும் எடுத்தேன். அன்பான குரல். அவர்களிடம் இருந்த நம்பர் வேலை செய்யவில்லை. கடிதம் போடுவார்களாம். அதுவும் பழைய முகவரிக்குத்தானே.

மாலையில் மழை. ஷெட் கூரை ஒழுகும். குடை பிடித்துக்கொண்டு போய்த் தூக்கி வந்தேன். இவ்வளவு பாரமாக இருக்கும் என்று நினைக்கவில்லை, கைக்குழந்தை அளவு. மகள் மான்செஸ்டரில் படிக்கிறாள், அவளின் அறை சும்மா கிடக்கிறது. ஜன்னல் ஓரம் வைத்து, கூறையால் பழையபடி சுற்றிவிட்டேன். "உள்ளுக்குக் கொண்டு வந்திட்டன்" என்று இவரிடம் சொன்னேன். போர்வையை எடுத்துக்கொண்டு கீழே சோபாவில் படுத்தார்.

கோபமாக இருந்தது. பிறகு மாமியை, இவரின் அம்மாவை, நினைத்தேன், கோபம் போய்விட்டது. ஊரில் கடைசிச் சண்டையில், ஆட்கள் இடம்பெயர்ந்து நடந்துகொண்டிருந்தபோது, ஷெல் விழுந்து செத்துப்போனா. இவரின் அக்கா, என் மச்சாள்தான் பக்கத்தில். சேலையால் மூடிவிட்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடந்தா. எரிக்கவில்லை, புதைக்கவில்லை. இவர் அப்போது இங்கே, கடையில் இரவு ஷிப்ட். இந்த வீட்டில் மாமியின் படம்கூட மாட்ட விடவில்லை. மாட்டினால் மாலை போட வேண்டும் என்றார் ஒருமுறை.

செப்டெம்பர் 13, சனி

வான் எம்.ஓ.டி. சோதனையில் பாஸ். வைப்பர் மாற்றியாயிற்று. ஏலத்துக்குப் போகவில்லை, இவர் "முதுகு" என்றார்.

நாளைக்கு உரல், குழல் எல்லாவற்றையும் மேசையில் வைக்கலாம் என்கிறார். எனக்கு மனமில்லை. "உரிமைக்காரர் ஆரெண்டு தெரியேல்லை. வைச்சு என்ன செய்யப்போறீர்?" அதுவும் சரிதான். குத்துவிளக்கை மட்டும் ஒளித்து வைத்தேன்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காற்று. மேசை விரிப்பு பறந்துகொண்டே இருந்தது. கூட்டம் குறையும் நேரம். ஊன்றுகோலோடு ஒருவர், அறுபத்தைந்து இருக்கும், கோட் தோளில் தொங்கியது, மெலிந்துபோன உடம்பு. வரிசை வரிசையாக எல்லா வானின் பின்பக்கத்தையும் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் மேசையில் உரலை எடுத்தார். திருப்பினார். கைப்பிடியில் செப்புக் கம்பி சுற்றியிருக்கும், அதை விரலால் தடவினார்.

"இந்தக் கம்பி நான் சுத்தினது" என்றார் தமிழில்.

இவருக்கு ஏலக்காரப் புத்தி. "அண்ணை, விலை குறைக்க இப்பிடிச் சொல்லுற கனபேரைப் பாத்திட்டம்."

"எனக்கு உரல் வேண்டாம் தம்பி. நீங்களே வித்துப்போடுங்கோ. ஒரு நீலப் பெட்டி இருந்ததோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

"புஸ்பராணி அக்காவோ?" என்று கேட்டேன்.

ஊன்றுகோல் விழுந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டார். இவர் ஓடிப்போய்க் கதிரையை இழுத்துப் போட்டார். கதிரையில் இருந்து, மூச்சு வாங்கி, என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்ர மனுசி உங்களிட்டயோ இருக்கிறா?"

"ஓம் அண்ணை. வீட்டில. பத்திரமா."

அழவில்லை. சும்மா தலையாட்டிக்கொண்டே இருந்தார். எங்கள் பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணி கொடுத்தேன். பிறகுதான் கதை வந்தது. அக்கா புற்றுநோயில் போய்விட்டா. வாடகைக்கு இருந்த வீட்டை அதன் முதலாளி விற்றுவிட்டார். அண்ணை லூயிஷாமில் ஒரு கடைக்கு மேலே, இரண்டு பெடியங்களோடு ஓர் அறையில். சாமானை ஸ்டோரேஜில் போட்டார். "ஊருக்குக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில கரைக்கச் சொன்னவ. பிளேன் ரிக்கெற் போடுவம் எண்டு இருக்கேக்க எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு." பைபாஸ். கனநாள் ஆஸ்பத்திரி. பாங்க்கில் காசு முடிந்து வாடகை போகவில்லை. கடிதமெல்லாம் பழைய வீட்டுக்கு. வெளியே வந்து, நேரே ஸ்டோரேஜுக்குப் போனால் கதவில் வேறு ஆளின் பூட்டு.

"ஆர் வாங்கினதெண்டு சொல்ல மாட்டம் எண்டிட்டினம். இப்பிடியான சாமான் கார் பூட்டுக்குத்தான் வரும் எண்டு ஒரு பொடியன் சொன்னான். அதுதான் எல்லா இடமும் பாத்துக்கொண்டு திரியிறன். பெட்டி கண்டால் திறந்து காட்டச் சொல்லுவன். ஆக்கள் எனக்கு விசர் எண்டு நினைக்கினம்."

கடையைக் கட்டிவிட்டோம். வானின் முன்சீட்டில் அவர், பின்னால் விற்காத சாமானோடு நான்.

குட்மேய்ஸில் எங்கள் வீடு வந்ததும் அவரை மேலே மகளின் அறைக்குக் கூட்டிப்போனேன். கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன். மேலே பேச்சுச் சத்தம், கனநேரம். ஏதோ வீட்டு விஷயம் சொல்வதுபோல, சாதாரணமாக. ஒருமுறை சிரித்தார்கூட.

இறங்கி வந்தவரிடம் இவர், நான் எதிர்பார்க்கவில்லை, நேரே சொன்னார்: "அண்ணை, நான் முதல்ல ஷெட்டில வைச்சிட்டன். இவதான் உள்ளுக்குக் கொண்டு வந்தவ."

"நான் மட்டும் என்ன, சாமி அறையிலயோ வைச்சனான் தம்பி. இரும்புக் கதவுக்குப் பின்னால, இருட்டுக்குள்ள."

விமானம் ஏற இப்போதைக்கு டொக்டர் விட மாட்டாராம். அறையில் இருக்கும் பெடியங்களுக்குச் சாம்பல் என்றால் பயம். "இனி வைச்சிருக்க ஏலாது. திரும்பவும் துலைச்சுப்போடுவன். கடல் ஒண்டுதானே எல்லாம்." சனிக்கிழமை சவுத்எண்ட் கடற்கரைக்குப் போவதென்று முடிவு. கதவடியில் நின்று கேட்டார்: "அதுவரைக்கும் அவ இஞ்ச இருக்கட்டோ?" என்னைப் பார்த்து அல்ல, இவரைப் பார்த்து.

"ஓம் அண்ணை. இருக்கட்டும்."

உரலையும் குத்துவிளக்கையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். விளக்கை எடுத்தார். உரலை என்னிடமே தந்தார். "எனக்குப் பிழியத் தெரியாது, தங்கச்சி."

செப்டெம்பர் 17, புதன்

வேலை. பால், வெங்காயம், பாத்ரூம் பல்ப். மகள் தொ.பே. — "அம்மா, என் ரூமிலயா?" பிறகு, "ஓகே. மூடி இறுக்கமா இருக்குத்தானே?" திட்டவில்லை.

அவளின் அறையைக் கூட்டப் போனேன். இவரின் மூக்குக்கண்ணாடி ஜன்னல் ஓரத்தில், சாடிக்குப் பக்கத்தில். பகலில் நான் வேலைக்குப் போனபிறகு அங்கே போய் இருக்கிறார். மூக்குக்கண்ணாடியை எடுக்காமல் அப்படியே விட்டேன்.

செப்டெம்பர் 20, சனி

சவுத்எண்ட். நல்ல வெயில், காற்று மட்டும் குளிர்.

போய்ப் பார்த்தால் கடல் இல்லை. தண்ணீர் வற்றி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு. வற்று நேரம் பார்த்துக்கொண்டு போக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தேவராசா அண்ணைக்கு முகம் விழுந்துவிட்டது. ஐஸ்கிரீம் விற்கும் பெண்ணிடம் கேட்டேன், பின்னேரம் திரும்பி வரும் என்றாள்.

கடற்கரைச் சுவரில் ஏறி இருந்து காத்தோம். இடியப்பம் கொண்டு போயிருந்தேன், அந்த உரலில்தான் பிழிந்தது. சம்பல், சொதி. அண்ணை ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். "அவ இன்னும் மெல்லிசாப் பிழிவா" என்றார். பிறகு நாலைந்து சாப்பிட்டார். அக்காவைப் பற்றியே பேச்சு. தைத்துத் தைத்து இருவரையும் காப்பாற்றினது அவதானாம். சண்டை பிடித்தால் மூன்று நாள் பேச மாட்டா, ஆனால் சாப்பாடு மேசையில் இருக்கும். பிள்ளை இல்லை. தையல் மெஷினை விற்றுவிட்டோம் என்று சொன்னேன். வாங்கினவள் சொன்னதையும் சொன்னேன். "அப்ப சரி. அது ஓடட்டும்."

தண்ணீர் வந்தது. சத்தமில்லாமல், சேற்றுப் பள்ளங்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு. படகு இறக்கும் சரிவால் இறங்க வேண்டும், பாசி வழுக்கியது. அண்ணை ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டுச் சாடியை நெஞ்சோடு பிடித்தார். இரண்டு எட்டு வைத்துத் தடுமாறினார். நான் போகுமுன் இவர் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, காற்சட்டையை மடிக்காமலே தண்ணீருக்குள் இறங்கி, அவரைத் தோளோடு பிடித்துக்கொண்டார்.

இடுப்பளவுக்குப் போனார்கள். மூடி திறக்க வரவில்லை, அண்ணையின் கையில் பலமில்லை. இவர்தான் திறந்தார். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு போன அதே மனிதர். அண்ணை தேவாரம் சொன்னார், பாதியில் குரல் நின்றுவிட்டது, மீதியை இவர் சொன்னார். சாம்பல் தண்ணீரில் வெள்ளையாக விரிந்து, கொஞ்ச நேரம் அவர்கள் இருவரையும் சுற்றியே நின்றது.

அப்போது அண்ணை கேட்டார், காற்றில் எனக்கும் கேட்டது: "தம்பி, செத்துப்போன உங்கட ஆக்கள் ஆருக்கும் சொல்லவேணுமெண்டால் சொல்லுங்கோ. அவ கூட்டிக்கொண்டு போவா."

இவர் அண்ணையைக் கரைக்குக் கொண்டு வந்து விட்டார். விட்டுவிட்டுத் திரும்பப் போனார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, விட்டார். மறுபடியும் அள்ளினார். மாமியின் பெயர் கேட்டது. இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் அவர் வாயால் நான் கேட்டதில்லை.

ஐஸ்கிரீம் பெண் துவாய் இரண்டு கொண்டு வந்து தந்தாள்.

திரும்பும் வழியில் வானுக்குள் ஹீட்டர் முழு வேகத்தில். இருவரும் நனைந்த காற்சட்டையோடு முன்னால். லூயிஷாமில் இறங்கும்போது அண்ணை கூறைச்சேலையை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

செப்டெம்பர் 22, திங்கள்

மழை. இவருக்குத் தடிமன். வேலையால் வந்தபோது மச்சாளோடு தொ.பே.யில் இருந்தார், ஸ்பீக்கரில். கனடாவில் அப்போது மதியம்.

மச்சாள்: "செத்த அம்மாக்கெண்டு சித்திராப் பறுவத்துக்கு நான் விரதம் பிடிக்கிறன்தானேடா."

இவர்: "அது எல்லாற்ற அம்மாக்களுக்கும் அக்கா. எங்கட அம்மாக்கு ஒரு திவச நாள் வேணும்."

"எனக்கு நாள் தெரியாதடா. அப்ப ஒருதருக்கும் நாள் தெரியாது. வெயில் எண்டு மட்டும் ஞாபகம்."

"பறவாயில்லை. நாங்களாப் பாத்து ஒரு நாளை வைப்பம்."

நான் பையை வைத்துவிட்டுக் கேத்திலைப் போட்டேன். எட்டிப் பார்த்தேன். இவர் சுவரிலிருந்து கலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் இருக்கிறார்.