உன் பை இன்னும் பெஞ்சில்தான் இருக்கிறது

என் அக்கா பெற்ற வாயாடிக்கு,

நம் டிவி தொடரின் பதினோராம் வகுப்பு 'பி' பிரிவு செட்டில் பெஞ்சு, கரும்பலகை, சாக்பீஸ் தூள் வரை கட்டி ஆளும் உன் மாமா எழுதுவது. நம் தொடருக்கு ரசிகர்கள் பெருகிவிட்டார்கள். நேற்று ஸ்டூடியோ வாசலில் நின்ற கூட்டத்தில் ஓர் எறும்பு வழி தெரியாமல் அழுதது.

நீ உன்னோடு நடிக்கும் பெஞ்சுத் தோழியோடு நிஜமாகவே சண்டை போட்டு, படப்பிடிப்பின் நடுவிலேயே கிளம்பிப் போனாய் அல்லவா? மறுநாள் இயக்குநர், "அந்தப் பையை எடுங்க" என்றார்.

"முந்தின ஷாட்ல பை இருக்கு சார். இப்ப எடுத்தா ரசிகர்கள் நம்மள உரிச்சு உப்புக்கண்டம் போட்டுடுவாங்க" என்றேன்.

அந்தக் காட்சி முடிந்து இரண்டு மாதமாகிறது. பை அசையவில்லை. இப்போது அதற்கு ரசிகர் மன்றமே இருக்கிறது.

நீ வராவிட்டால் வெள்ளிக்கிழமை, கதையில் நீ வேறு பள்ளிக்குப் போய்விட்டதாக ஒரு காட்சி எடுக்கப்போகிறார்கள். அதன்பின் எந்தப் பொய்யைச் சொல்லியும் என்னால் பையைக் காப்பாற்ற முடியாது.

உன் தோழியைப் பற்றி நீ கேட்கமாட்டாய், நானும் சொல்லப்போவதில்லை. அவளைப் பெஞ்சின் நடுவுக்கு நகர்ந்து உட்காரச் சொல்லிச் சொல்லியே கேமராமேனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவள் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏம்மா, நகர்ந்தா பெஞ்சு கடிச்சிடுமா?" என்று கேட்டேன்.

"முந்தின ஷாட்ல இங்கதான மாமா இருந்தேன்" என்றாள்.

வெள்ளி காலை எட்டு மணிக்கு மேக்கப். உன் சீருடையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பையின் மெய்க்காப்பாளன்