பம்பருக்குப் பின்னால்

மார்ச் 4

என் வீட்டுக்காரரை என்ன செய்தால் தகும்? நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் ஸ்பானரைக் கையில் எடுத்துவிடுகிற மனிதரை வைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன்.

நர்ஸம்மாவின் வெள்ளைக் காரைப் பின்னாலிருந்து ஒரு வேன் இடித்திருக்கிறது. வெளியே ஒன்றுமேயில்லை, பம்பரில் ஒரு கீறல். இன்சூரன்ஸ் கம்பெனியின் புது விதிப்படி நான் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அவர்கள் இருந்த இடத்திலிருந்தே எஸ்டிமேட் போடுவார்கள். அதுவரை நாங்கள் ஒரு திருகைக்கூடத் தொடக்கூடாது. பதில் உடனே வந்தது: ‘ஒப்பனைச் சேதம். பெயின்ட் மட்டும்.’

“என்னங்க, பம்பரைக் கழற்றினாத்தான்...” என்று ஆரம்பித்தேன். கழற்றினால்தான் தெரியும், ஆனால் கழற்றக்கூடாதாம் என்று புலம்ப வந்தேன். திரும்பிப் பார்த்தால் பம்பர் தரையில் கிடக்கிறது!

ஆனால் உள்ளே பார்த்ததும் திட்ட வாய் வரவில்லை. இடியைத் தாங்குவதற்கென்றே இருக்கிற இரும்புப் பட்டை நடுவில் மடிந்துபோயிருக்கிறது. இன்னொரு இடி வாங்கினால் நேராகப் பின்சீட்டுக்குத்தான் வரும். அங்கே உட்காருவது நர்ஸம்மாவின் இரட்டைக் குழந்தைகள். ஒப்பனையாம் ஒப்பனை! பவுடர் பூசிப் பொட்டு வைத்து அனுப்பட்டுமா?

மார்ச் 6

இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது.

“அனுமதி இல்லாம கழற்றிட்டீங்க மேடம். அந்தச் சேதம் முன்னாடியே இருந்துச்சோ என்னவோ, நாங்க எப்படி நம்புறது? மாட்டி, பெயின்ட் அடிச்சு, வேலை முழுசா முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. இல்லேன்னா நாங்க வண்டி அனுப்பற ஒர்க்‌ஷாப் பட்டியல்ல உங்க கடை இருக்காது.”

“அந்தக் கார்ல உங்க பிள்ளையை உட்கார வைப்பீங்களா?”

“விதியைப் பத்திப் பேசுவோம் மேடம்.”

கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

மார்ச் 7

தூக்கிவிட்டார்கள். பட்டியலில் நாங்கள் இல்லை.

மார்ச் 13

இடிபட்ட வண்டிகள் எங்களிடம் வருவதே அந்தக் கம்பெனி அனுப்பித்தான். இப்போது நர்ஸம்மாவின் கார் மட்டும் பம்பர் இல்லாமல் பல் விழுந்த வாய் மாதிரி நிற்கிறது. இப்படியே போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். பதினாறு வருஷக் கடை. இவருக்கு வேறு தொழில் தெரியாது, எனக்கு வேறு தொழில் பிடிக்காது.

பெயின்டரான கொழுந்தன் வந்து நின்றான். “அண்ணி, சும்மாவே இருக்கேன். உங்க ஸ்கூட்டருக்கு ஒரு கோட் அடிக்கட்டுமா?”

“போன வாரம்தானேடா அடிச்ச?”

“அது பச்சை.”

சிரித்துவிட்டேன். அப்புறம் குளியலறையில் போய் அழுதேன். இவர் கதவுக்கு வெளியே நின்று, “நான் அவசரப்பட்டிருக்கக் கூடாது” என்றார். நீங்க அவசரப்படலேன்னா அந்தப் பிள்ளைங்க கதி என்னங்க என்று உள்ளிருந்தே கத்தினேன். நல்ல குடும்பம்!

மார்ச் 18

இன்சூரன்ஸ் குறைதீர்ப்பு ஆணையத்துக்குப் போய் வந்தேன். தனி ஆளாகப் புகார் கொடுத்தால் கிணற்றில் போட்ட கல்தானாம். பல ஒர்க்‌ஷாப்கள் சேர்ந்து கொடுத்தால் நேரில் விசாரிப்பார்களாம்.

சேர்த்துவிட்டால் போயிற்று.

மார்ச் 21

கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லோரும் டீ வாங்கித் தருகிறார்கள், கையெழுத்து மட்டும் தரமாட்டேன் என்கிறார்கள். “உங்களைத் தூக்கின மாதிரி எங்களையும் தூக்கிட்டா?” டீ குடித்துக் குடித்து வயிறு எரிகிறது. ஆனாலும் நாலு பேர் போட்டார்கள். அதில் ஒருவர், “நீ விடமாட்டேம்மா, போட்டாத்தான் எந்திரிப்ப” என்று தலையில் அடித்துக்கொண்டு போட்டார். எப்படிப் போட்டால் என்ன?

மார்ச் 24

பளபளாவிடம் போனேன். நானே!

எதிர்க்கடைக்காரர். எல்லா வண்டியையும் கண்ணாடி மாதிரி மினுக்கித் தருவதால் நாங்கள் வைத்த பெயர். அவருடைய சிவப்பு விளக்கு போர்டின் வெளிச்சம் எங்கள் பெயின்ட் ரூமுக்குள் விழும். மாலையானால் வெள்ளை எது, இளஞ்சிவப்பு எது என்று தெரியாது. அதனால் வந்த சண்டை, மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஊரிலேயே பெரிய கடை அவருடையது. அவர் வந்தால் மற்றவர்களும் வருவார்கள்.

“போட்டோல என்ன தெரியுதோ அதைச் செய்யறேன். உள்ள இருக்கறதை நான் பார்க்கறதே இல்லை” என்றார்.

“பார்க்காம தூக்கம் வருதா?”

அவர் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த காரைத் துடைத்தார்.

மார்ச் 26

சாயங்காலம் பெயின்ட் ரூமில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். எதிர்க்கடை போர்டு அணைந்திருக்கிறது.

மார்ச் 27

பளபளா படியேறி வந்தார். “கையெழுத்துப் போடறேன் அக்கா. விசாரணைக்கு வந்து நிக்கவும் செய்வேன். பேச மட்டும் சொல்லாதீங்க.” அவர் பெயரைப் பார்த்ததும் மற்றவர்களும் ஓடிவந்து போட்டார்கள்.

ஏப்ரல் 16

எழுதுகிறேன், சிரிக்கிறேன், மறுபடி எழுதுகிறேன்.

ஆணைய அலுவலகத்தின் பின்முற்றம். நர்ஸம்மாவின் காருக்குப் பம்பரை மாட்டி, இழுவை வண்டியில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தோம். ஒரு பக்கம் நாங்கள், ஒரு பக்கம் சர்வேயரும் கம்பெனி வக்கீலும், நடுவில் ஆணையத் தலைவி அம்மா. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்: “அம்மா, இந்த வெள்ளைக் காரை வெளியிலேருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது. ஆனா பம்பரைக் கழற்றினா...”

மடமடவென்று சத்தம். இவர்தான்! வழக்கம்போல வாக்கியம் முடிவதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டார். நான் நிம்மதியாகத் திரும்பினேன்.

ஐயோ. அது நர்ஸம்மாவின் கார் இல்லை.

பக்கத்தில் அதே மாடலில் இன்னொரு வெள்ளைக் கார். பம்பர் இவர் கையில். “அது என் கார்” என்றார் தலைவி. சர்வேயர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். போச்சு, எல்லாம் போச்சு, கடை, மானம், எல்லாம்!

இவர் மட்டும் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, “அம்மா, நீங்க கொஞ்சம் வந்து பார்க்கணும்” என்றார்.

தலைவி வந்து குனிந்தார். உள்ளே இரும்புப் பட்டை ஒரு பக்கம் நசுங்கி, வெடித்து, துருவேறிக் கிடந்தது. வெளியே மட்டும் கண்ணாடி மாதிரி பளபள.

“போன வருஷம் இடிச்சுது. சரி பண்ணிட்டதாச் சொன்னாங்களே” என்றார் மெதுவாக. “தினமும் என் மகளை இதுலதான் கூட்டிட்டுப் போறேன்.” அப்புறம் நிமிர்ந்தார். “என் வண்டிங்கறதால இதைக் கணக்குல எடுக்க முடியாது. நீங்க கொண்டுவந்ததைக் கழற்றுங்க.”

இவர் கழற்றினார். அதே கோலம். சர்வேயர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் வக்கீல் விடவில்லை: “கழற்ற வேண்டாம்னு நாங்க யாரையும் தடுக்கலை. ஒழுங்காப் பார்க்காதது ஒர்க்‌ஷாப்காரங்க தப்பு.”

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

“அம்மா, உங்க காரைச் சரி பண்ணினது நான்தான்.”

பளபளா! பேச மாட்டேன் என்ற மனுஷன்!

“பெயின்ட் மட்டும்னாங்க. கழற்றட்டுமான்னு கேட்டேன். கழற்றினா பட்டியல்ல இருக்கமாட்டேன்னாங்க. பயந்துட்டேன். வேலை முழுசா முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டேன். அது பொய். அக்கா அந்தப் பொய்க் கையெழுத்தைப் போடலை, அதுக்குத்தான் அவங்களைத் தூக்கினாங்க.”

அப்புறம் இன்னொரு கடைக்காரர் கையைத் தூக்கினார். “என்னையும் அப்படித்தான் மிரட்டினாங்க.” அப்புறம் இன்னொருவர். தலைவி வக்கீலைப் பார்த்து, “யாரையும் தடுக்கலைன்னு சொன்னீங்கல்ல? மறுபடி சொல்லுங்க” என்றார். வக்கீல் கையிலிருந்த பைலை மூடினார்.

எனக்கு அங்கேயே விசிலடிக்க வேண்டும்போல இருந்தது. கொழுந்தன் அடித்தேவிட்டான்.

மே 9

உத்தரவு வந்துவிட்டது! இடிபட்ட வண்டியைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் எஸ்டிமேட். கழற்றியதற்காக எந்தக் கடையையும் தூக்கக்கூடாது. தூக்கிய எங்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும். போட்டோ மட்டும் பார்த்து முடித்த பழைய வண்டிகளையும் கம்பெனி செலவிலேயே மறுபடி பார்க்க வேண்டும். சத்தமாக நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை கொழுந்தன் காதைப் பொத்திக்கொண்டான்.

மே 13

நர்ஸம்மா காரை எடுத்துப் போனார். இரட்டையர்கள் பின்சீட்டிலிருந்து இவருக்குக் கையாட்டினார்கள். இவர் ஸ்பானரோடு கையாட்டினார்.

மே 15

தலைவி அம்மாவின் கார் வந்திருக்கிறது. எங்கள் கடைக்கு இல்லை, எதிர்க்கடைக்கு. “யார் அரைகுறையா விட்டாங்களோ அவங்களே சரி பண்ணட்டும்” என்றாராம். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான், மறைப்பானேன்? பளபளாவின் போர்டில் இப்போது வெள்ளை விளக்கு.

மதியம் அவரே தெருவைத் தாண்டி வந்து வாசலில் தயங்கி நின்றார். “அக்கா, உள்வேலை பார்த்து ரொம்ப நாளாச்சு. அண்ணனைக் கொஞ்சம் அனுப்பினீங்கன்னா, அந்த பம்பரை...”

திரும்பி இவரைக் கூப்பிடப் போனேன். ஸ்பானரைக் காணோம், ஆளையும் காணோம். எதிர்க்கடைக்குள்ளிருந்து மடமடவென்று சத்தம் கேட்டது.